குருகுலப் பெருமையும் கீதாரியின் பிள்ளையும்

பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே கற்பிக்கும் குடும்பங்கள் தமிழகத்தில் மிகச் சிலவே. ஆயினும் அச்சிலரைச் சுற்றிப் பெரியதொரு சொல்லாட்சி திரண்டு நிற்கிறது. பள்ளிக்கூடம் என்பது மெக்காலே நமக்கு இட்ட விலங்கு, குருகுலமும் திண்ணைப் பள்ளியுமே நம் மரபு, பிள்ளையை வீட்டுக்கு மீட்பவர் மரபை மீட்கிறார் என்பது அதன் சாரம். இதை மறுத்து எழுதுவோர் பெரும்பாலும் வீட்டுக் கல்வியை வெளியிலிருந்து மட்டும் கண்டவர்கள். 'உங்களுக்கு என்ன தெரியும்?' என்ற ஒரு கேள்வியில் அவர்கள் மறுப்புத் தள்ளப்பட்டுவிடுகிறது. நாங்கள் ஆறு ஆண்டுகளாக எங்கள் இரு பிள்ளைகளுக்கும் வீட்டிலேயே கற்பித்து வருபவர்கள். இயற்கையும் மரபும் எங்களுக்கும் பெரியவையே. அந்த உரிமையில் சொல்கிறோம்: இந்தச் சொல்லாட்சி பொய்யானது, அத்துடன் பிறர் பிள்ளைகளுக்குக் கேடு செய்வது.

எங்களைப் பற்றிச் சிறிது சொல்லிவிட வேண்டும். வாதத்துக்கு அது தேவைப்படும். பாளையங்கோட்டையிலிருந்து பேருந்தில் முக்கால் மணி நேரத் தொலைவில், தாமிரபரணிக் கால்வாய் ஒன்று பாயும் சிற்றூரில், முந்தைய தலைமுறை கட்டிய வீட்டில் குடியிருக்கிறோம். எங்களில் ஒருவர் கல்லூரியில் தமிழ் பயிற்றுவிப்பவர். மற்றவர் தனியார் நிறுவனமொன்றில் பொறியாளராக இருந்து, மகளுக்குப் பள்ளி வயது வந்தபோது வேலையை விட்டவர். விட்டவர் தந்தை. (வீட்டுக் கல்விக் குடும்பங்கள் கூடும் இடங்களில், 'மறுபடி எப்போது வேலைக்குப் போவதாக உத்தேசம்?' என்று அவரை எல்லோரும் பரிவோடு விசாரிப்பார்கள். அங்கே அமர்ந்திருக்கும் பெண்களுள் வங்கிப் பணியை உதறியவர் உண்டு. மருத்துவம் படித்தவர் உண்டு. அவர்களை யாரும் அப்படி விசாரித்து நாங்கள் கண்டதில்லை.) மகளுக்கு இப்போது பதினொரு வயது, மகனுக்கு எட்டு.

எங்கள் நாளில் வியப்பதற்கு அதிகம் இல்லை. விடியுமுன் ஆச்சி வாசல் தெளிப்பார், மகள் கோலமிடுவாள். மகனும் தந்தையும் குளத்தங்கரைக்குப் போவார்கள். அங்கே ஒரு நோட்டுப் புத்தகத்தில் தேதி, காற்று, நீர்மட்டம், கண்ணில் பட்ட பறவைகள் ஆகியவற்றைக் குறிப்பது நான்கு ஆண்டுகளாக நடந்து வருகிறது. நாமக்கோழி, முக்குளிப்பான், நீர்க்காகம், மழை நன்றாகப் பெய்த ஆண்டில் கூழைக்கடா. வடகிழக்குப் பருவமழை பொய்த்த ஓராண்டில் தை பிறக்குமுன்பே குளத்தில் தரை தெரிந்தது. அவ்வாண்டுப் பக்கங்களில் பாதி வெற்றிடம். ஜனவரி தோறும் தாமிரபரணிப் பாசனக் குளங்களில் தன்னார்வலர்கள் நீர்ப்பறவைகளைக் கணக்கெடுக்கிறார்கள். அக்கணக்கில் எங்கள் குளமும் உண்டா என்பது மகனுக்கு ஆண்டு முழுவதும் பெருங்கவலை. மா. கிருஷ்ணனின் 'மழைக்காலமும் குயிலோசையும்' நூலை அவனுக்கு நாங்கள் வாசித்துக் காட்டியதில்லை. அக்காள் வாசிப்பதை ஒட்டுக் கேட்டே முடித்தான்.

எட்டேகாலுக்கு மஞ்சள் நிறப் பள்ளி வேன் தெருவைக் கடக்கும். எட்டரைப் பேருந்தில் எங்களில் ஒருவர் கல்லூரிக்குப் புறப்படுவார். பிறகு கணக்கு, பிறகு வாசிப்பு, பிறகு சமையல். வெங்காயம் நறுக்குவதும் பாடத்தில் சேர்த்தி என்று வெளியாரிடம் சொல்வதில் ஒரு கவர்ச்சி உண்டு. உள்ளபடி அன்றைக்குக் குழம்பு வைக்க வேண்டியிருக்கிறது, அவ்வளவே. எட்டாம் வாய்பாட்டை மகன் மூன்று மாதம் வெறுத்தான். பள்ளிப் பிள்ளைக்கு ஆசிரியரைப் பற்றிக் குறை சொல்ல வீட்டில் பெற்றோர் இருக்கிறார்கள். எங்கள் பிள்ளைகளுக்கு அந்த வாய்ப்பும் இல்லை. அவர்கள் ஆச்சியிடம் போய் முறையிடுகிறார்கள். மாலை நாலரைக்குத் தெருப் பிள்ளைகள் பள்ளிவிட்டு வருவார்கள். அந்நேரம் வரை எங்கள் பிள்ளைகள் கடிகாரத்தைப் பார்க்கும் பார்வையை இயற்கைவழிக் கல்வி பற்றிய துண்டறிக்கைகள் எவையும் குறிப்பிடுவதில்லை. புதுப் பாட்டு, புது வசவு, தலைமையாசிரியை யாரை வெளியே நிறுத்தினார் என்பன போன்ற ஊர்ச் செய்திகளெல்லாம் நாலரைக்கு மேல்தான் எங்கள் வீட்டுக்கு வந்து சேரும்.

ஊரார் ஆரம்பத்தில் எங்களை விடவில்லை. 'ஊரான் பிள்ளைக்கெல்லாம் பாடம் சொல்லுதீய, ஒங்க பிள்ளைய மட்டும் பள்ளிக்கூடத்துக்கு விடமாட்டீயளோ?' என்று கால்வாய்ப் படித்துறையில் வைத்தே கேட்டார்கள். அதற்கு நாங்கள் சொன்ன விடை இன்றும் மாறவில்லை. பன்னிரண்டாம் வகுப்பில் தமிழில் தொண்ணூறுக்கு மேல் பெற்று வரும் மாணவர்கள், முதல்முறை காணும் ஒரு பத்தியை உரக்க வாசிக்கத் தடுமாறுவதைக் கல்லூரியில் ஆண்டுதோறும் பார்க்கிறோம். வினாவும் விடையும் கைடிலிருந்து வந்தவை. நூலை அவர்கள் திறந்ததே இல்லை. எங்கள் பிள்ளைகள் முதல் சில ஆண்டுகளேனும் மதிப்பெண் நினைவின்றி நூல்களோடு பழகட்டும் என்று விரும்பினோம். வீட்டில் இருக்க ஒருவர், உண்ண ஒருவர் சம்பளம், நான்கு அலமாரி நூல்கள் ஆகியவை இருந்தன. செய்தோம். இதில் முன்னோர் யாரையும் துணைக்கு அழைக்கத் தேவை நேரவில்லை.

மரபு வீட்டில் இல்லாமலும் இல்லை. ஆச்சிக்கு எண்பத்து நான்கு வயது. நாழி, உரி, உழக்கு, ஆழாக்கு எல்லாம் இன்னும் அவர் அரிசிப் பானையருகே இருக்கின்றன. ஒன்று, அரை, கால், அரைக்கால் என்று மகன் பின்னத்தைக் கற்றது அவற்றால் அரிசி அளந்துதான். மாகாணி என்பது பதினாறில் ஒன்று என்பதைப் புத்தகத்தில் காட்டியபோது அவனுக்குப் பிடிபடவில்லை. 'ஒரு ரூவாக்குப் பதினாறணா. அதுல ஒரணாதாம்ல மாகாணி' என்று ஆச்சி சொன்னபோது பிடிபட்டது. அணாவை அவன் கண்டதில்லை. ஆனால் ஆச்சி கண்டிருக்கிறார் என்பது அவனுக்குப் போதுமானதாக இருந்தது. பிறகு மா, காணி என்று இறங்கி, முந்நூற்றிருபதில் ஒன்றான முந்திரி வரை தானே போனான். இதே ஆச்சி மூன்றாம் வகுப்போடு நிறுத்தப்பட்டவர். அவருடைய தம்பி பாளையங்கோட்டையில் விடுதியில் தங்கிப் படித்தார். ஏன் நின்றீர்கள் என்று பேத்தி கேட்டதற்கு, 'பொம்பளப் பிள்ளைக்கு இது போதும்னுட்டாவ' என்றார். அரிசி அளந்த அதே குரலில் சொன்னார். உழக்கும் ஆழாக்கும் எந்த முன்னோரிடமிருந்து வந்தனவோ, இந்தப் 'போதும்' என்பதும் அவர்களிடமிருந்தே வந்தது. ஒன்றை எடுத்து அலமாரியில் வைத்துவிட்டு மற்றொன்றைப் பார்க்காததுபோல் இருக்க எங்களால் இயலவில்லை.

இயற்கையை மரபோடு பிணைத்துப் பேசுவோர் தவறாமல் நாடும் நூல் குறிஞ்சிப்பாட்டு. அதில் வரும் தொண்ணூற்றொன்பது மலர்ப் பெயர்களையும் மூச்சுவிடாமல் ஒப்பிக்கும் சிறுவர்களை மரபு விழா மேடைகளில் காண்கிறோம், கைதட்டலும் கிடைக்கிறது. தமிழ் கற்றவர்கள் என்ற முறையில் இதை மகிழ்ந்து வரவேற்போம் என்று எதிர்பார்க்கிறார்கள். எங்களுக்கு வருத்தமே எஞ்சுகிறது. கபிலர் பூவைக் கண்டவர். ஒப்பிக்கும் பிள்ளை, தன் வீட்டு வாசலில் நிற்கும் இட்லிப் பூதான் வெட்சி என்பதை அறியாது. சாலையோரத்து ஆவாரஞ்செடியைக் காரின் சன்னல்வழி பார்த்துவிட்டு, மேடையேறி ஆவிரை என்கிறது. மகள் மூன்று ஆண்டுகளாக அப்பட்டியலை வைத்துக்கொண்டு பூக்களைத் தேடி வருகிறாள். இதுவரை முப்பத்தொன்றை நேரில் கண்டு குறித்திருக்கிறாள். குளத்தங்கரையில் தும்பை எளிதாகக் கிடைத்துவிட்டது. காந்தளைக் காட்டிக் கொடுத்தவர், கரை செதுக்க நூறு நாள் வேலைக்கு வந்திருந்த ஒரு பெண். அவருக்கு அது கண்வலிக்கிழங்கு. கிழங்கு நஞ்சு, கையால் தொட்டுவிட்டு வாயில் வைக்காதே என்று எச்சரித்தும் அனுப்பினார். கபிலர் பெயரை அவர் கேள்விப்பட்டிருக்க மாட்டார். மரபு விழா மேடைகளில் அவரைப் போன்ற ஒருவர் பேசி நாங்கள் கேட்டதும் இல்லை. அவ்விழாக்களில் ஒன்றின் இரண்டு நாள் நுழைவுக் கட்டணம், அவர் ஒரு வாரம் கரை செதுக்கினாலும் தேறாது.

சென்ற ஆண்டு நாங்கள் போயிருந்த கூடுகையொன்றில் பேசியவர், அரசு தன் பள்ளிகளையெல்லாம் மூடிவிட்டுப் பிள்ளைகளைக் குடும்பங்களிடமே ஒப்படைத்துவிட வேண்டும் என்றார். குருகுலம் நடந்த நாட்டில் பள்ளிக்கூடம் எதற்கு என்று கேட்டார். அரங்கம் ஆரவாரித்தது. அந்த ஆரவாரத்துக்குத்தான் இந்தக் கட்டுரை.

குருகுலம் என்பது என்ன? தமிழில் அதற்கு நம்மிடம் உள்ள மிக விரிவான சான்று உ.வே. சாமிநாதையரின் 'என் சரித்திரம்'. தம் பதினாறாம் வயதில், 1871இல், மாயூரத்தில் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் அவர் வந்து சேர்கிறார். தக்க ஆசிரியரைத் தேடித் தந்தையார் மகனை அழைத்துக்கொண்டு ஊர் ஊராக அலைந்த கதையை வாசித்தவர் மறக்க மாட்டார். ஆசிரியர் பொருள் வாங்காமல் பாடம் சொன்னார். மாணவருள் கிறித்தவரான சவேரிநாத பிள்ளை இருந்தார். நாகூர் குலாம் காதிறு நாவலரும் அவரிடம் பாடங்கேட்டவர். இவையெல்லாம் பெருமைக்குரியவை. ஆனால் பாருங்கள்: அம்மாணவர் வீட்டை விட்டுப் புறப்பட்டுத்தான் கற்றார். பெற்றோரிடம் கிடைக்காத ஒன்று வெளியே ஒருவரிடம் இருக்கிறது என்று அறிந்து, அவர் வாயிற்படியில் போய் நின்றார். வீட்டுக் கல்வியினராகிய நாம் செய்வது இதற்கு நேர் எதிரானது. பிள்ளையை வெளியே விடாமல் வைத்துக்கொண்டு, 'குருகுலம்' என்று அதற்குப் பெயரிடுவது சொற்குற்றம் மட்டுமன்று, பொருட்குற்றமும் ஆகும்.

அடுத்து திண்ணைப் பள்ளி. இதற்கு ஆதாரமாகத் தரம்பால் 1983இல் வெளியிட்ட நூலைக் காட்டுவார்கள். காந்தி 1931இல் இலண்டனில் ஆற்றிய உரையில் வரும் 'அழகிய மரம்' என்ற உருவகமே அந்நூலின் தலைப்பு. மிகுந்த உழைப்பில் எழுந்த நூல் அது. அதை இகழ்வோர் பக்கம் நாங்கள் இல்லை. பிராமணர் மட்டுமே கற்றனர் என்ற எளிய கூற்றை அது உடைத்தது. தமிழ் மாவட்டங்களின் திண்ணைகளில் சூத்திரர் எனக் குறிக்கப்பட்ட பிள்ளைகளே மிகுதி என்று காட்டியது. ஆனால் நூலைக் கையில் ஏந்துவோர் அதிலுள்ள அட்டவணைகளையும் வாசிக்க வேண்டும் அல்லவா? 1822இல் ஆளுநர் தாமஸ் மன்றோ ஆட்சியர்களிடம் கேட்டுப் பெற்று, 1826இல் தொகுத்துரைத்த கணக்கு அது. சென்னை மாகாணத்தின் மக்கள் தொகை ஏறத்தாழ 1 கோடியே 28 லட்சம், பள்ளிகள் 12,498, பயின்றோர் 1,88,650. இவர்களுள் பெண் பிள்ளைகள் 4,540 பேர். நூற்றுக்கு மூவர்கூட இல்லை. சாதிக் கட்டங்களில் பிராமணர், வைசியர், சூத்திரர், ஏனைய சாதியினர், முஸ்லிம்கள் என்று இருக்கிறது. ஊருக்கு வெளியே நிறுத்தப்பட்டோருக்குத் தனிக் கட்டமே கிடையாது. 'ஏனைய' என்பதற்குள் அவர்கள் எத்தனை பேர் என்று இன்று வரை வாதாடிக்கொண்டிருக்கிறோம்.

அதே கணக்கில் நம்மவர்கள் கவனிக்கத் தவறும் ஓர் எண் உண்டு. சென்னை நகரில் மட்டும் வீட்டில் வைத்துக் கற்பிக்கப்பட்ட பிள்ளைகள் 26,963 பேர் என்கிறது அது. நகரத்துப் பள்ளிகளில் பயின்றோரைப் போல் ஏறத்தாழ ஐந்து மடங்கு. இத்தொகையில் பிழை இருக்கலாம் என்று மன்றோவே ஐயுற்றார். பிழை இருக்கட்டும். இதுதான் தமிழ்நாட்டு வீட்டுக் கல்வியின் முதல் புள்ளிவிவரம் என்று கொள்வோமானால், அதில் பெண் பிள்ளைகள் 517. நூற்றுக்கு இருவர்கூட இல்லை. இந்த மரபுக்குத்தான் எங்கள் மகளோடு நாங்கள் மீள வேண்டுமாம்.

மரபு திண்ணைகளில் மட்டும் வாழ்ந்ததும் இல்லை. திருக்குறள் ஓலைச்சுவடியை எல்லிஸ் துரையிடம் சேரச் செய்தவர் தம் பாட்டனார் கந்தப்பன் என்று அயோத்திதாசர் எழுதிவைத்திருக்கிறார். அக்குடும்பம் பிறந்த மக்களுக்கோ ஊர்த் திண்ணைகளில் இடம் இல்லை. அம்மக்களின் பிள்ளைகளுக்கென ஆல்காட் சென்னையில் இலவசப் பள்ளியைத் தொடங்கியது 1894இல். வீட்டில் சுவடி இருந்தும் பள்ளி தேவைப்பட்டது என்பதை மரபு பேசுவோர் எங்கே வைத்துப் பேசப்போகிறார்கள்?

இனி வருவதுதான் எங்களுக்கு உண்மையில் அச்சம் தருவது. பள்ளியைக் குறைத்து வீட்டைக் கூட்டுவோம் என்ற கொள்கை தமிழ்நாட்டில் ஒருமுறை ஆட்சியின் ஆணையாகவே வந்தது. 1953இல் ராஜாஜியின் அரசு கிராமப்புறத் தொடக்கப் பள்ளிகளுக்குப் புதிய திட்டமொன்றைக் கொண்டுவந்தது. நாளில் மூன்று மணி நேரம் பள்ளி. மீதிப் பொழுதில் பிள்ளை பெற்றோரின் தொழிலை வீட்டிலிருந்து கற்கும். ஒரே கட்டடத்தில், அதே ஆசிரியரைக் கொண்டு, இருமடங்கு பிள்ளைகளுக்குக் கற்பிக்கலாம் என்று கணக்குச் சொன்னார்கள். கைத்தொழிலின் மேன்மையையும் சொன்னார்கள். அன்று சொல்லப்பட்ட சொற்களை இன்றைய கூடுகைகளில் ஒலிக்கும் சொற்களுக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்: இயற்கையான சூழல், செய்து கற்றல், குடும்பமே முதற்பள்ளி. குயவர் பிள்ளை மீதிப் பொழுதில் எதைக் கற்கும், வக்கீல் பிள்ளை எதைக் கற்கும் என்று எதிர்த்தவர்கள் கேட்டார்கள். 'குலக்கல்வித் திட்டம்' என்ற பெயர் அதற்கு நிலைத்தது. 1954இல் ராஜாஜி பதவி விலகினார். காமராஜர் வந்ததும் திட்டம் கைவிடப்பட்டது. கைவிடப்படாமல் இருந்திருந்தால் எங்கள் இருவரில் கல்லூரிக்குப் போகிறவர் போயிருக்க வாய்ப்பில்லை. பெற்றோரின் தொழிலைக் கற்றிருந்தால் அவர் இந்நேரம் பனைத் தொழிலாளியின் மகளாகக் கருப்பட்டி காய்ச்சிக்கொண்டிருப்பார். கருப்பட்டி காய்ச்சுவது அரிய கலை என்று இன்று பட்டறை நடத்துகிறார்கள். காய்ச்சியவர்களின் கண்ணெரிச்சல் பற்றி அங்கே பேச்சில்லை.

இயற்கையின் மடியில், பள்ளியின் நிழல் படாமல் வளரும் பிள்ளை எப்படி இருக்கும் என்று அறிய விரும்புவோர் பங்குனி, சித்திரையில் எங்கள் ஊருக்கு வரலாம். பிசானம் அறுவடை முடிந்ததும் இராமநாதபுரம் பக்கத்துக் கீதாரிகள் மந்தைகளோடு வருவார்கள். இரவில் வயலில் கிடை போடுவார்கள். உரத்துக்காக நிலக்காரர் பணமோ நெல்லோ தருவார். சென்ற சித்திரையில் வந்த கிடையில் எங்கள் மகன் வயதுப் பையன் ஒருவன் இருந்தான். எந்த ஆடு எந்தத் தழையைத் தின்னும், எதைத் தின்றால் வயிறு ஊதும், மேகம் எந்தப் பக்கம் திரண்டால் குட்டிகளைக் கூடைக்குள் அடைக்க வேண்டும் என்றெல்லாம் அவன் அறிந்திருந்தான். நான்கு ஆண்டு நோட்டுப் புத்தகத்தோடு எங்கள் மகன் அவன் பின்னால் மாணவனைப்போல் நடந்தான். எங்கள் கூடுகைகளில் வரையப்படும் இலட்சியப் பிள்ளை அப்படியே அவன்தான். மரபறிவு, திறந்தவெளி, கைத்தொழில் எல்லாம் உண்டு. மதிப்பெண் கிடையாது, மணியோசை கிடையாது. அவன் தாய் எங்கள் வாசலில் தண்ணீர் கேட்டு வந்தபோது, எங்களில் ஒருவர் ஆசிரியர் என்று அறிந்ததும் கேட்டது ஒன்றுதான். 'இவன ஒரு ஆஸ்டல்ல சேத்துவிட வழி இருந்தாச் சொல்லுங்கம்மா. வெயிலு எங்களோட போகட்டும்.'

எங்கள் பிள்ளை பள்ளிக்குப் போகாதிருப்பதும் அவள் பிள்ளை போகாதிருப்பதும் வெளிப்பார்வைக்கு ஒன்றுபோல் இருக்கலாம். எங்களுக்கு நாளையே மனம் மாறினால் நாளையே பள்ளி உண்டு. தேசியத் திறந்தநிலைப் பள்ளியில் பதிந்து பதினான்கு வயதுக்கு மேல் பத்தாம் வகுப்பு எழுதலாம். படிவத்தை எங்களாலேயே நிரப்ப முடியும். அவளுக்கு அரசுப் பள்ளியும் அதன் விடுதியும்தான் உண்டு. அவற்றை மூடிவிடுங்கள் என்று ஆரவாரிக்கும் அரங்கில் அமர்ந்திருப்பவர்களில் ஒருவர் பிள்ளைகூட அவற்றை நம்பி இல்லை. கொரோனா காலத்தில் 2020 மார்ச்சில் மூடிய பள்ளிகள் எட்டாம் வகுப்பு வரையிலான பிள்ளைகளுக்கு 2021 நவம்பரில்தான் திறந்தன. நாடே அப்போது வீட்டுக் கல்விக்கு வந்தது. எங்கள் தெருவில் கைப்பேசி ஒன்றுக்கு மூன்று பிள்ளைகள் காத்திருந்தார்கள். பெரிய பிள்ளைகளில் சிலர் செங்கல் சூளைக்கும் கடைகளுக்கும் போய்விட்டார்கள். 'இல்லம் தேடிக் கல்வி' என்று தன்னார்வலர்களை அரசு தெருவுக்கு அனுப்ப வேண்டியிருந்தது. அந்த மாதங்களில் எங்கள் வீட்டில் மட்டும் ஒன்றும் மாறவில்லை. அதை ஒரு சாதனைபோல் எழுதிய வீட்டுக் கல்வியினரும் இருந்தார்கள். வாசித்துக் கூசினோம்.

சட்டத்தைப் பற்றியும் ஓயாத புலம்பல் ஒன்று உண்டு. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் ஆறு முதல் பதினான்கு வயது வரையுள்ள பிள்ளைக்குப் பள்ளிக் கல்வியை உரிமையாக்கி, அருகமைப் பள்ளியில் சேர்ப்பதைப் பெற்றோரின் கடமை என்கிறது. வீட்டுக் கல்வியைப் பற்றி அது பேசவில்லை; சேர்க்காத பெற்றோருக்குத் தண்டனை எதையும் விதிக்கவும் இல்லை. இந்த மௌனத்தில்தான் எங்களைப் போன்றோர் வாழ்கிறோம். கடமை என்ற சொல்லையே நீக்க வேண்டும் என்று கையொப்பம் திரட்டுகிறார்கள். எங்களிடமும் தாள் வந்தது, கையொப்பமிட மறுத்துவிட்டோம். அச்சொல் எங்களுக்காக எழுதப்பட்டதன்று. சூளைக்கு அனுப்பத் துணியும் தகப்பனிடம் ஓர் ஆசிரியை போய் வாதாட, கையில் அந்த ஒரு சொல்தான் இருக்கிறது. எங்கள் வசதிக்காக அதைப் பிடுங்கக் கேட்பது எந்த வகையில் நியாயம்?

மறுத்ததில் சிலருக்கு எங்கள்மீது மனத்தாங்கல். இப்போது அது கூடியிருக்கிறது. இந்த ஜூனில் எங்கள் மகள் ஊர் அரசு நடுநிலைப் பள்ளியில் ஆறாம் வகுப்பில் சேர்கிறாள். நாலரை மணி வரை காத்திருக்க அவளுக்கு இனிப் பொறுமை இல்லை என்பது அவள் சொன்ன முதற்காரணம். நாங்கள் ஆராயவில்லை. 'நீங்களே தோற்றுவிட்டால் மற்றவர்கள் என்ன நினைப்பார்கள்?' என்று கூடுகை நண்பர் ஒருவர் தொலைபேசியில் கேட்டார். ஆறு ஆண்டுகள் அவள் வாசித்த நூல்களை யாரும் திருப்பி வாங்கிக்கொள்ளப் போவதில்லை என்று சொன்னோம். மகன் இப்போதைக்கு வீட்டில்தான். குளத்தை விட்டுவர அவன் ஒப்பவில்லை.

தலைமையாசிரியையைப் போய்ப் பார்த்தோம். மாற்றுச் சான்றிதழ் இல்லையே என்று தயங்கியதற்கு, 'அதனால என்னங்க, வயசுக்கேத்த வகுப்புல சேத்துக்கிடணும்னு சட்டமே இருக்கே' என்றார். பிறப்புச் சான்றிதழ் நகலும் இரண்டு புகைப்படமும் கேட்டார். மதியச் சாப்பாட்டுக்குத் தட்டு மட்டும் வீட்டிலிருந்து கொடுத்துவிடச் சொன்னார். ஆச்சி பரணிலிருந்து எவர்சில்வர் தட்டொன்றை இறக்கி, பேத்தியின் பெயரை வெட்டிவரக் கடைத்தெருவுக்குக் கொடுத்தனுப்பியிருக்கிறார்.